வெள்ளிக்கிழமை எண்ணெய்

அந்த மார்கழியில் எங்கள் தெருவுக்கு மட்டும் பனி இரண்டு தரம் வந்தது. முதலில் ஊருக்கெல்லாம் வருகிற பனி. அது கலைகிற நேரம் பார்த்து அப்பா காரைக் கிளப்புவார். பின்னாலிருந்து நீலமாக ஒன்று எழுந்து, கோலங்களின் மேல் தவழ்ந்து, தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் போய்த் தங்கும். அபிராமபுரத்து இளவெயில் அதற்குள் புகுந்து சாய்வாக இறங்கும்போது, தெருவே இன்னும் கண் விழிக்காத மாதிரி இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அழகுதான்.

"வர்றது உங்காத்து வண்டியா, கொசு மருந்து வண்டியான்னே தெரியலைடி" என்றாள் எதிர்வீட்டு மாமி.

"கொசு போச்சோல்லியோ மாமி, சந்தோஷப்படுங்கோ" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் உள்ளுக்குள் பயம். ஆடி மாதம் அம்மா போனதிலிருந்து அப்பா வெளியே கிளம்புவது அந்தக் காரில்தான். விடிந்ததும் அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் கடற்கரை. தனியாகப் போய், தனியாக அலையைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு என்னைத் தி. நகரில் பாங்க் வாசலில் இறக்கிவிடுவார். மற்ற நேரமெல்லாம் ஈஸிசேர்தான். பேச்சும் குறைந்துவிட்டது, அம்மாவைப் பற்றிய பேச்சு அறவே கிடையாது.

காரில் முன் சீட் அம்மாவுடையது. அம்மா போன பிறகு ஒருநாள் நான் அந்தக் கதவில் கை வைத்தபோது, "பின்னாடி உக்காந்துக்கோ, சௌகரியமா இருக்கும்" என்றார். உட்கார்ந்தேன். அன்றிலிருந்து டிரைவர் வைத்துக்கொண்ட சீமாட்டி போலத்தான் நான் வேலைக்குப் போனேன். பாங்கில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

புகை முற்றியதும் மந்தைவெளி மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். அவர் சைலன்ஸர் வாயில் உள்ளங்கையைக் காட்டி, முகர்ந்து பார்த்தார். கையில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"வெள்ளப் பொகைன்னா தண்ணி. கறுப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி. இது நீலமா கீது, எண்ணெ எரியுது" என்றார். "எண்ணெ ஊத்திக்கினே கீறீங்களா சார்?"

"வாரா வாரம் விடறேன்" என்றார் அப்பா.

"அப்ப பிஸ்டன் ரிங்கு பூட்ச்சு, அதான் எண்ணெ மேல ஏறுது. இஞ்சின எறக்கணும்."

அன்று சாயங்காலம் பம்பாயிலிருந்து அண்ணா போன் செய்தான். "கிழட்டு வண்டிக்கு இஞ்சின் வேலையா? வித்துடச் சொல்லு. அப்பாவுக்கு ஆட்டோ போறும்." கடற்கரைக்கு ஆட்டோ பிடித்துப் போகிற மனுஷரா அவர்? கார் போனால் அப்பா ஈஸிசேரோடு ஈஸிசேராகிவிடுவார். அண்ணாவிடம் சொன்னேன், நான் உணர்ச்சிவசப்படுகிறேனாம். போனை டொக்கென்று வைத்தேன். அப்பாவோ, "அவன் சொல்றதும் சரிதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வந்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று சீக்கிரம் வீடு திரும்பினேன். வீட்டில் சாம்பிராணிப் புகை. அம்மா ஏற்றிய விளக்கை இப்போது அப்பா ஏற்றுகிறார். அகலில் நல்லெண்ணெய் ததும்ப விட்டார். திரியைத் தூண்டினார். கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கார் கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் காரின் பானட்டைத் திறந்து, டப்பாவிலிருந்து இஞ்சினுக்கும் எண்ணெய் விட்டார், விளக்குக்கு விட்ட அதே நிதானத்தோடு.

"குறைஞ்சிருக்காப்பா?"

"வெள்ளிக்கிழமை எண்ணெய் குறையப்படாதுன்னு சொல்லுவாளே" என்றார்.

எனக்கு நினைவு வந்தது. விளக்கு ஏற்றியதும் அம்மா சமையல் உள்ளிலிருந்து குரல் கொடுப்பாள்: "விளக்குக்கு விட்டாச்சு, வண்டிக்குப் பாத்தேளா?" அப்பா இஞ்சினின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "இருக்கு இருக்கு" என்பார். பார்ப்பதோடு சரி, பெரும்பாலும் விடமாட்டார். இப்போது கேட்க ஆள் இல்லை. அதனால் பார்க்கவும் இல்லை. விட மட்டும் செய்தார்.

கம்பியை உருவினேன். மேல் கோட்டையும் தாண்டி எண்ணெய் மினுங்கியது. ரிங் போய் எண்ணெய் எரிகிற வண்டியென்றால் அது குறையத்தானே வேண்டும்? இது ஏறியல்லவா இருக்கிறது?

மறுநாள் மெக்கானிக்கிடம், "கம்பியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"வாரா வாரம் எண்ணெ குடிக்கிற வண்டிக்கு இன்னாத்துக்கும்மா கம்பி?" என்றவர், உருவிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். "இன்னாம்மா இது, ஐயா வண்டிக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டிக்கினு கீறாரு."

மிதமிஞ்சிய எண்ணெய் இஞ்சினுக்குள் அடிபட்டு நுரைத்து, மேலே ஏறி எரிந்திருக்கிறது. அவ்வளவுதான் வியாதி. அடியிலிருந்த திருகைத் தளர்த்தி அதிகப்படியை வடித்தார். எண்ணெய் படிந்த பிளக்குகளைச் சுத்தம் செய்தார். சைலன்ஸருக்குள் தேங்கியது எரிந்து தீரும்வரை சில நாள் புகை வந்தது. தினமும் கொஞ்சம் மெலிந்து, கனவு நினைவிலிருந்து நழுவுகிற மாதிரி, ஒரு காலையில் இல்லாமலே போயிற்று. அண்ணாவுக்கு நானே போன் செய்து சொன்னேன், கொஞ்சம் மிடுக்காகவே.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்ததே. அன்றும் சீக்கிரமே வீடு வந்திருந்தேன். விளக்கேற்றிவிட்டு அப்பா எண்ணெய் டப்பாவோடு கொட்டகைக்குப் போவதைச் சமையல் உள்ளிலிருந்து பார்த்தேன். மெக்கானிக் சொன்னதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறார். விடாதீங்கோ என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. பிறகு தானாக வந்தது.

"விளக்குக்கு விட்டாச்சு, வண்டிக்குப் பாத்தேளா?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. பிறகு கொட்டகையிலிருந்து அளவுக் கம்பியை உருவுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு இருக்கு" என்றார் அப்பா.

டப்பாவை மூடியபடியே உள்ளே வந்தார். கை கழுவினார். துண்டில் வெகுநேரம் துடைத்தார்.

"நாளைக்கு பீச்சுக்கு நீயும் வா" என்றார். "முன்னாடி உக்காந்துக்கோ."