என் ஸ்க்ரூவில் பிளே இல்லை

மில்லிங் மெஷினுக்கு மோட்டார் வைத்து கம்ப்யூட்டரில் ஓட்டப் போகிறேன் என்று தெரிந்ததும் கோட்டாற்றில் ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் என்னைப் பற்றிப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவன்கூட ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றி இரும்பைச் சீவியவன் இல்லை. நட்டு போல்ட் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, கரண்டு போச்சுன்னா என்ன செய்வியோ?" இத்தனை வருடமும் அது மண்ணெண்ணெயிலா ஓடியது என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும் என்பதால் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆசைப்பட்டு நான் இதில் இறங்கவில்லை. வலது தோள் போய்விட்டது. மில்லிங் மெஷினில் கட்டர் மேலே சுழலும். இரும்பு கீழே மேசையில் இருக்கும். அடியில் இருக்கும் நீள ஸ்க்ரூவைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றித்தான் அந்த மேசையை நகர்த்த வேண்டும், காலையிலிருந்து சாயங்காலம் வரை. சட்டை மாட்டவே இடது கை உதவிக்கு வர வேண்டிய நிலையில் டாக்டரைப் பார்த்தேன். "சுத்துற வேலை இனி கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் பிழைப்பையே முடித்து வைக்க அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

மனைவி வீட்டார் அன்றே கூடி எனக்கு ஒரு வேலையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னியாகுமரியில் உறவுக்காரர் லாட்ஜில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். நாளைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்கிறவனுக்கெல்லாம் நான் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டுமாம். மேசையை மோட்டார் நகர்த்தினால் எனக்குப் பட்டறை உண்டு, இல்லாவிட்டால் லாட்ஜ் சாவிதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் வைக்க வந்தவன் என் மனைவியின் தம்பி. கல்ஃபில் மெஷின் பராமரிப்பு பார்த்துவிட்டு நாற்பது வயதுக்கு மேல் ஊர் திரும்பியவன். எதைச் சொன்னாலும் "எங்க கம்பெனியில" என்றுதான் தொடங்குவான். அந்தக் கம்பெனி இவன் இல்லாமல் எப்படி நடக்கிறது என்று எனக்கு அடிக்கடி கவலை வரும். வந்ததும் நூலளவு அசைவையும் காட்டும் டயல் கேஜை மேசையில் வைத்தான், கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினான், முகத்தைச் சுளித்தான்.

"அத்தான், ஸ்க்ரூ தேஞ்சு கெடக்கு. பிளே இருக்கு. பால் ஸ்க்ரூ மாத்தாம மோட்டாரு வச்சுப் பிரயோஜனம் இல்ல."

பிளே என்றால் ஆட்டம். திசை மாற்றிச் சுற்றினால் கைப்பிடி கொஞ்சம் திரும்பும், ஆனால் மேசை அசையாது. தேய்ந்த ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் விழுந்திருக்கும். பால் ஸ்க்ரூ என்பது நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை, அதில் ஆட்டமே இருக்காதாம். என் மெஷினைப் பார்த்து அதைச் சொல்ல இவனுக்கு என்ன தைரியம்.

"என் ஸ்க்ரூவில பிளே இல்ல மக்கா. இருந்தாலும் எவ்வளவுன்னு என் கைக்குத் தெரியும்."

"ஒங்க கைக்குத் தெரியும் அத்தான். மோட்டாருக்குத் தெரியாதுல்லா?"

"அப்ப ஒனக்கு மோட்டாரு வைக்கத் தெரியலேன்னு சொல்லு."

அவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். ஜெயித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

கைப்பிடிகளைக் கழற்றி, அந்த இடத்தில் புல்லி, பெல்ட், மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாட்டினான். ஓடவிடும் அன்று சபையிலிருந்து ஒருவர் அழைக்காமலே வந்து ஜெபம் செய்தார். முதல் வேலையாக வைத்த இரும்புப் பிளேட்டில் நான்கு துளை விழுந்த நேரத்தைவிட ஜெபம் நீளம். கம்ப்யூட்டரைத் தட்டியதும் மேசை தானாக நகர்ந்தது. என் தோள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிளேட்டை இறக்கி அளக்கும் வரைதான் அந்தச் சந்தோஷம். மேசை போகும்போது போட்ட இரண்டு துளையும் சரி. திரும்பி வரும்போது போட்ட இரண்டும் மயிரிழை விலகியிருந்தன.

மோட்டாரைத் திட்டினேன், அதை ஓட்டும் போர்டைத் திட்டினேன், கல்ஃபையே திட்டினேன். மைத்துனன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

பிளேட் குலசேகரத்துக்குப் போக வேண்டியது. அங்கே ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் செய்கிற ஒருவருக்கு அதன் பக்கவாட்டு பிளேட்டுகளைப் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து நான்தான் செய்து கொடுக்கிறேன். என் முதல் வாடிக்கைக்காரர். கெட்டுப்போனதை நானே கொண்டுபோய்க் காட்டி, மைத்துனன் லட்சணத்தைச் சொல்லி, தவணை கேட்பது என்று பஸ் ஏறினேன். என்னென்ன சொல்வது என்று தக்கலை தாண்டும்போதே தயாராகிவிட்டது.

அவர் பிளேட்டை வாங்கிச் சட்டத்தில் வைத்தார். இரண்டு போல்ட் இறங்கியது, இரண்டு இறங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சுவரில் ஆணியில் தொங்கிய உருட்டு அரத்தை எடுத்து அந்த இரண்டு துளையையும் ராவத் தொடங்கிவிட்டார்.

"என்ன செய்யுதியோ?"

"எப்பவும் செய்யுததுதான அண்ணாச்சி. ஒங்க பிளேட்டுக்குன்னே போட்டிருக்க அரம் இது. ரெண்டு ஓட்டை செரியா இருக்கும், ரெண்டைக் கொஞ்சம் ராவணும்."

"எப்பவுமா?"

"ஆதியில இருந்தே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் அரத்தை நிறுத்தவில்லை. "ராவுனா அஞ்சு நிமிசத்துல தீரும். ஒங்ககிட்டச் சொன்னா ஒரு நாள் போவும்லா."

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமென்றால் குடை எடுக்கிற மாதிரி, என்னை அப்படிச் சமாளித்திருக்கிறார். எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது. யார்மேல் காட்டலாம் என்று பார்த்தேன். அதற்குத் தகுதியுள்ள ஆள் அந்தக் கொட்டகையில் ஒருவன்தான் இருந்தான், அவனிடம் கத்தினால் வெளியே கேட்காது.

பஸ் ஸ்டாண்டில் நின்று மைத்துனனைப் போனில் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வேறு வந்தது.

"ஸ்க்ரூவைக் கழத்து. பால் ஸ்க்ரூவுக்கு ஆர்டர் போடு."

"ஆர்டர் போட வேண்டாம் அத்தான். போன மாசமே வாங்கியாச்சு."

"வாங்கியாச்சா? பட்டறையில நான் பாக்கலியே."

"நீங்களா சொல்லுதது வரைக்கும் காட்டண்டாம்னு அக்கா சொல்லிட்டா. ஒங்க கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு" என்றான்.

ஒரு மாதமாக நான் அதன்மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.