அக்காவின் முழங்கை

எங்கள் பார்லரில் முடிவெட்டுவது நான். ஃபேஷியல் அக்கா. கூடப் பிறக்கவில்லை, பக்கத்து நாற்காலியருகே இருபது வருடம் நின்றதில் அக்காவாகிவிட்டாள். மாதுளைத் தோலையும் மாசிக்காயையும் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு துவர்ப்புத் தண்ணீர் செய்வாள். பஞ்சில் தொட்டு ஒற்றினால் முகம் இறுகிப் பளிச்சென்று ஆகும். அதற்கென்றே ஒரு கூட்டம் காத்துக் கிடக்கும். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், என் கத்திரிக்கோலுக்கு அந்த மவுசு கிடையாது.

புதிதாகக் காய்ச்சியதை முதலில் தன் முழங்கை மடிப்பில் தடவி, ஒரு நாள் முழுக்கப் பார்ப்பாள். சிவக்காவிட்டால்தான் அடுத்தவர் முகத்துக்கு. ஒருநாளும் தவறியதில்லை. வருகிறவர்கள், "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா நல்லாருக்கும்" என்று கேட்கக் கேட்க, மாசிக்காயைக் கூட்டிக்கொண்டே போனாள். முழங்கை வாயே திறக்கவில்லை.

போன மாதம் அவள் மகளுக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. பயணிகளை வரவேற்கும் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். வியாழக்கிழமை அக்கா அவளை உட்காரவைத்து ஒற்றினாள்.

"அம்மா, எரியுது."

"எரியாதுடி. நேத்தே கையில போட்டுப் பார்த்துட்டேன். பாரு, ஒண்ணுமில்ல."

நானும் சும்மா இராமல், "அம்மா கையே சொல்லுது, அப்புறம் என்ன?" என்று கிண்டலடித்தேன். இந்த வாயை என்ன செய்வது!

சனிக்கிழமை அந்தப் பெண்ணின் கன்னமெல்லாம் வீங்கித் தோல் உரிந்து கிடந்தது. அக்கா நடந்ததையெல்லாம் சொன்னதும், தோல் டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இருபது வருஷமா இதுலயே ஊறிப் பழகின தோலும்மா. இது எதுக்கும் சிவக்காது. பொண்ணுக்கு ஒத்துக்குமான்னு பொண்ணு தோல்லதான் பார்க்கணும். எரியுதுன்னா உடனே கழுவியிருக்கணும். அவ சொல்லலையா?"

"சொன்னா டாக்டர்," என்றாள் அக்கா.

திங்கட்கிழமை போய்விட்டது. வேலையில் சேர இரண்டு வாரம் அவகாசம் கேட்டு மகள் எழுதியிருக்கிறாள், இன்னும் பதில் இல்லை. நேற்று அக்கா களிம்போடு பக்கத்தில் போனபோது, மகள் கோபமே இல்லாமல், "குடும்மா, நானே போட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாளாம்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை," என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். "என் கை கிட்டப் போனாலே முகத்தைத் திருப்பிக்கறா."