கோழித் தோல்

காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன என் அண்ணன் வீடு திரும்பவில்லை. மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு என் மனைவி என்னைக் குளுவாங் டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனாள்.

இடுப்பை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்கப் போனபோது டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். இடுப்பு, அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாமே கொஞ்சம் கூடுதல்.

"கொஞ்சந்தானே டாக்டர்?"

"கொஞ்சங்கொஞ்சமா எல்லாம் ஒண்ணா சேர்ந்திருக்கு அண்ணே. அதுதான் ஆபத்து. பொரிச்சது, கோழித் தோலு, தேங்காய்ச் சந்தான் எல்லாம் குறைங்க லா."

செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்ப்பவனிடம் பொரித்ததைக் குறைக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி சிரிக்கவில்லை.

அன்று முதல் என் தட்டு அவள் கைக்குப் போய்விட்டது. என் கோழித் துண்டில் தோல் இருக்காது. தேங்காய்ப்பால் ஊற்றுமுன் எனக்கென்று குழம்பைத் தனியாக எடுத்துவைப்பாள். அப்பளம்கூடச் சுட்டதுதான். இதற்கு ஆஸ்பத்திரிச் சோறே மேல் என்று நான் முணுமுணுத்தால் ஒரே பதில்தான் வரும்.

"உங்க அண்ணி படற பாட்டப் பாத்தீங்கல்ல? எனக்கு அது வேணாங்க."

வைத்ததைத் தின்றேன். கால்சட்டை தளர்ந்தது. அடுத்த சோதனையில் எல்லாமே இறங்கியிருந்தன. டாக்டரம்மா மகிழ்ந்துபோய், "அக்கா, நீங்களும் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துக்குங்க," என்றார். நோய் இவருக்குத்தானே என்று பின்வாங்கிய மனைவியை நான்தான் விளையாட்டாகச் சோதனைக்குத் தள்ளிவிட்டேன்.

அவள் முடிவு வந்த அன்று விளையாட்டு ஓடிப்போனது. நான் முதலில் இருந்ததைவிட அவள் மோசமாக இருந்தாள்.

"ஒரே வீட்டுச் சாப்பாடு, எப்படி?" என்று யோசித்த டாக்டரம்மா சட்டென்று கேட்டார். "அவருக்கு எடுக்கற தோல என்ன பண்றீங்க?"

"பொரிச்சு நான் சாப்பிட்டுருவேன். பால் ஊத்துன குழம்பும் எனக்குத்தான். பிள்ளைங்க சிங்கப்பூர்ல இருக்காங்க, வேற யாரு சாப்பிடுவா? சாப்பாட்டு சாமான குப்பையில போட்டா பாவமில்லையா?"

எங்கள் வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சமையலறையில் உட்காருவாள். என் அம்மாவும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. என்னிடமிருந்து விலக்கியதையெல்லாம் அவள் வயிற்றில் போட்டிருக்கிறாள். காரில் திரும்பும்போது எனக்குக் கோபமாக இருந்தது. சாவு நாளில் அண்ணன் வீட்டு வாசலில் கிடந்த செருப்புக் குவியல் கண்முன் வந்து வந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பழக்கப்படி கோழித் தோலை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். நான் கிண்ணத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

"ஐயோ, என்னங்க இது!"

"இருக்கட்டும். பாவம் என்னைச் சேரட்டும்."

அன்று தேங்காய்ப்பால் இல்லாமல் இருவருக்கும் ஒரே குழம்பு. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்துப் பரிமாறினேன். விருந்துக்கு வந்தவள்போல் கூச்சத்தோடு ஒரு வாய் எடுத்து வைத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சப்புன்னு இருக்குங்க. இதையா இத்தன மாசமா சாப்பிட்டீங்க?"

அண்ணன் காரியத்தில்கூட அழாத நான், சோற்றில் கை வைத்தபடி அழுதுவிட்டேன்.