டின் சூரைக்கு மதிப்பெண் போட்ட புதன்கிழமைகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஒரு புதன்கிழமை சாயங்காலம், மாமா நசுங்கிய டின் ஒன்றைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே சூரை மீன்.
2. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டாள். வாசலுக்குப் போய்த் துப்பினாள்.
3. டின் மீனை நம் ஊர் நாக்குக்கு ஏற்றபடி ருசியாக்கக் கம்பெனி வழி தேடுவதாக மாமா சொன்னார். மதிப்பெண் போடும் பொறுப்பு எனக்கு வந்தது.
4. அடுத்தடுத்த புதன்கிழமைகளில் இன்னும் ஐந்து டின்கள் வந்தன.
5. அவற்றில் கடைசியாக வந்ததுதான் மிக மோசம். பத்துக்குப் பத்து வாங்கியதும் அதுதான்.

ஐந்தாவது வரியை நினைத்தால் எனக்கு வெகுநாள் கோபம் வந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முத்தையாபுரத்தில், ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி. அதற்கு அப்பால் உப்பளம். சாயங்கால வெயிலில் உப்புக் குவியல்கள் முதலில் மஞ்சளாகும், பிறகு ரோஜா நிறமாகும், பிறகு கொஞ்ச நேரம் எந்த நிறமும் இல்லாமல் தரைக்கு மேல் மிதக்கும். தூரத்தில் தெரியும் கப்பல்கள் கடலில் நிற்கவில்லை, அந்தக் குவியல்களின் மேல்தான் நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்துதான் வருவார். முதலில் சைக்கிள் மணி கேட்கும். பிறகு ஒரு புள்ளி தெரியும். அது மாமாவாக மாற வெகுநேரம் ஆகும்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. துறைமுகத்துப் பக்கம் மீனை டின்னில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் நீராவிப் பிரிவில் வேலை. அதற்கு முந்தைய வருடம் திரேஸ்புரத்துப் பெண் ஒருத்தியை, யாரிடமும் கேட்காமல், பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவர்கள் வேதக்காரர்கள், கடலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். நாங்கள் தாமிரபரணிக் கரையில் நெல் விளைத்தவர்கள். அத்தையின் வீட்டில் அத்தைக்குக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டில் மாமா வரலாம், அத்தை வரக்கூடாது என்று ஆனது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டோடு உறவு வேண்டாம் என்றால் அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். “அந்தப் பிள்ளை கையால ஒரு பருக்கை நான் தொட மாட்டேன்” என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்பா ஷிப்டு முடிந்து வந்து படுத்துவிடுவார். இதில் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது.

அத்தைக்கு ஏழாவது மாதம் என்று மாமா வந்து சொன்ன அன்று அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆயிட்டுப் போகட்டும்.”

“அவளுக்குன்னு யாரு இருக்காவ, யக்கா? பெத்தவளே எட்டிப் பாக்கல.”

“நீதான் இருக்கியே. நீ பாத்துக்கோ.”

முறம் நிற்கவில்லை. மாமா காப்பியைக் குடிக்காமல் போனார். அதற்கு அடுத்த புதன்கிழமைதான் முதல் டின் வந்தது.

அதை மாமா திருப்புளியும் சுத்தியலும் வைத்துத் திறந்தார். “சாக்கை அவிச்ச மாதிரி இருக்கு” என்றாள் அம்மா. “வெள்ளைக்காரன் இதையாலே திங்கான்?”

“அவனுக்கு இது போதும்க்கா. நம்ம ஊர்ல விக்கணும்னா ருசி வேணும்லா. கம்பெனில ஆராய்ச்சி நடக்கு. வேலைக்காரங்க வீட்டுல குடுத்து மார்க் வாங்கிட்டு வரச் சொல்லுதாவ.”

பிறகு என் நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார். நிறம், மணம், உப்பு, பதம், ஒவ்வொன்றுக்கும் பத்து; கூட்டி நான்கால் வகுத்தால் டின்னின் மதிப்பெண். கடைசியில் அகலமான ஒரு கட்டம்: குறிப்பு. எனக்குக் கட்டங்கள் பிடிக்கும். அன்றிலிருந்து வாரத்தில் மற்ற ஆறு நாளும் புதன்கிழமைக்குப் போகும் வழியாகத்தான் இருந்தன.

இரண்டாவது டின்னிலிருந்து மூடி ஏற்கெனவே வெட்டப்பட்டு, வாழை இலைத் துண்டு போர்த்தி, நூல் கட்டி வந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பெனியிலேயே திறந்துதான் தருவார்கள், ஆறாமலிருக்கப் பாய்லர் மேல் வைத்திருந்தேன் என்றார் மாமா. கூடவே ஒரு ஸ்பூன். “கை படக்கூடாதுக்கா. ருசி மாறிரும். கம்பெனி ரூல்.” அம்மா அந்த ஸ்பூனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

அதில் வினிகரும் மிளகும் போட்டிருந்தது. “கவிச்சி போயிருக்கு. ஆனா இது என்ன புளிப்பு, ஊறுகா மாதிரி? புளின்னு ஒண்ணு இருக்குன்னு ஒங்க கம்பெனிக்குத் தெரியாதா?” நான் மூன்று போட்டேன். மூன்றாவதில் டின்னிலிருந்த எண்ணெயை வடித்து, மீனை வெந்நீரில் ஒரு தடவை அலசி, புளியும் சின்ன வெங்காயமும் சேர்த்திருந்தார்கள். ஐந்து. “வெங்காயம் பச்சையா கெடக்கு. இன்னும் ரெண்டு பெரட்டு பெரட்டச் சொல்லு.” அதைக் குறிப்பில் எழுதினேன். மாமா தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உப்புக் குவியல்களின் வழியே திரும்பிப் போனார்.

அந்தத் தாள் போய்ச் சேரும் இடத்தை நான் தினமும் தூங்குவதற்கு முன் பார்ப்பேன். கடலைப் பார்த்த நீளமான கூடம். ஜன்னல் முழுக்கக் கண்ணாடி. வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் என் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறார். படித்து முடித்ததும் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்து, “வெங்காயத்தை இன்னும் இரண்டு பிரட்டு” என்கிறார். எங்கோ ஒரு சக்கரம் திரும்புகிறது. நான் மதிப்பெண் போடும்வரை கப்பல்கள் காத்திருக்கின்றன.

நான்காவது வாரம் வந்தது புட்டு. மீனை நன்றாகப் பிழிந்து, பூவாக உதிர்த்து, மஞ்சளும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து ஈரம் வற்றும்வரை கிண்டியிருந்தது. அம்மா ஸ்பூனால் டின்னின் அடிவரை சுரண்டிவிட்டாள். அப்பாவுக்கு மீதி வைக்கவில்லை. “கைப்பக்குவம் உள்ள ஆளுதான்” என்றாள், டின்னைப் பார்த்து. மாமா சட்டென்று எழுந்து சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கப் போனார். அவர் திரும்பியபோது அம்மா தான் வறுத்துத் திரித்த மசாலாப் பொடியைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தாள். “இதப் போடச் சொல்லு, ஒங்க கம்பெனில.”

இன்று நான் ஒரு மீன் பதனிடும் நிறுவனத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இதே போன்ற கட்டங்களில் மதிப்பெண் போடுவது என் வேலைகளில் ஒன்று. படிப்பின் இரண்டாம் வருடத்தில், மூடிய டின்களை வேகவைக்கும் நீராவிக் கலத்திலிருந்து எடுத்த டின் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மசாலாவோடு போன கறிவேப்பிலை புகையிலை நிறத்தில் வெளியே வந்தது. அந்தச் சூட்டில் எந்த இலையும் பச்சையாக இருக்காது. நான்காவது வாரத்துப் புட்டில் கிடந்த கறிவேப்பிலை பச்சைப் பசேலென்று இருந்தது. இதை ஒன்பது வயதில் நானே நிறம் என்ற கட்டத்தில் பாராட்டி எழுதியிருந்தேன். கம்பெனியில் ஒரு ஆராய்ச்சியும் நடக்கவில்லை. வேலைக்காரர்களுக்குக் கொடுத்த நசுங்கிய டின்கள் திரேஸ்புரத்தில் ஒரு வீட்டு அடுப்புக்குப் போய், அங்கிருந்து பாய்லர் மேல் ஒரு பகல் இருந்து, எங்களிடம் வந்திருக்கின்றன. பச்சை மீன் கரையில் துள்ளும் ஊரில் இருந்துகொண்டு அத்தை டின் மீனோடு மல்லுக்கட்டியதற்குக் காரணம் ஒன்றுதான். கம்பெனி டின் யார் வீட்டுச் சாப்பாடும் இல்லை. அதை அம்மா சாப்பிடலாம்.

ஐந்தாவது டின்னில் அம்மாவின் மசாலா இருந்தது. ஒன்பதரை போட்டேன். அரை மதிப்பெண் என் கண்டிப்பு.

ஆறாவது புதன்கிழமை மணிச் சத்தம் கேட்கவில்லை. மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இலையைப் பிரித்ததுமே கருகல் வாடை. புளி வடிகட்டாமல் நாரோடு கிடந்தது. ஒரு துளி வாயில் வைத்தேன். உப்பு அறவே இல்லை. மடமடவென்று எழுதினேன்: நிறம் ஒன்று, மணம் ஒன்று, உப்பு பூஜ்யம்.

அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். துப்பவில்லை.

“ஏலே, என்னாச்சு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அடி புடிச்சிருக்கு. உப்பு இல்ல. போன வாரம் அப்படிச் செஞ்ச ஆளு இப்படிச் செய்யாது.”

மாமா தரையைப் பார்த்தார். “சமைக்கிற ஆளுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. மொகமும் வீங்கியிருக்கு. அடுப்பு முன்னால நிக்க முடியல. உப்பே ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. நான்தான் உப்பு ஜாடியைத் தூக்கி மேல வச்சேன். எறக்கிக் குடுக்க மறந்துட்டு வேலைக்கு வந்துட்டேன்.”

“கம்பெனில உப்பு இல்லையா மாமா? இங்கனதான் இவ்வளவு கெடக்கே” என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே குவியல்கள் நிறம் போய் மிதக்கத் தொடங்கியிருந்தன.

அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். தட்டில் சோறு போட்டு, டின்னை அதன் மேல் கவிழ்த்து, கையால் பிசைந்தாள். கருகிய துண்டு, புளி நார் எதையும் ஒதுக்கவில்லை. மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசிப் பருக்கைவரை தின்றாள். மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பட்டால் ருசி மாறிவிடும் என்று அவர் சொல்லவில்லை. விதி மீறப்பட்டதே என்று நான்தான் தவித்தேன்.

“பத்து போடுளா” என்றாள் அம்மா.

“உப்பே இல்லம்மா.”

“பத்து போடு.”

“எல்லாக் கட்டத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

அழித்து எழுதினேன். ரப்பரில் தாள் கிழியப் பார்த்தது. “குறிப்புல என்ன எழுத?”

அம்மா விரல்களை வழித்தபடி யோசித்தாள். “நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன், அடுப்பு பத்த வைக்க வேண்டாம்னு எழுது.”

கம்பெனிக்கு இப்படி எழுதக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். எழுதத்தான் வேண்டியிருந்தது. மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். பை அவருக்கு இரண்டு தடவை அகப்படவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் அம்மா ஒரு பையோடு கிளம்பினாள். கம்பெனிக்காரர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீளமான கூடத்தில், வெள்ளைத் தொப்பிக்காரருக்குப் பக்கத்தில், அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அவள் திரும்பவில்லை. அப்பாவும் நானும் கஞ்சி குடித்தோம். அவளை இத்தனை நாள் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கம்பெனியில் யாருக்குமே ஒன்றும் தெரியவில்லை என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. பேறுகால வீக்கம் என்றால் என்ன என்றோ, அந்த வாரங்களில் அத்தையின் பக்கத்தில் ஒரு பெண் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றோ எனக்குத் தெரியாது. நியாயமாகப் போட்ட மதிப்பெண்ணை அழிக்க வைத்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

குறை மாதத்தில், அரசு ஆஸ்பத்திரியில், அம்மாவின் கையில்தான் அந்தப் பெண் குழந்தை முதலில் வந்தது. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அம்மாவும் அத்தையும் வாரம் ஒருமுறை சந்திக்கிறார்கள், மாதம் ஒருமுறை சண்டை போடுகிறார்கள். எல்லாம் தெரிந்துதான் சாப்பிட்டாளா, எந்த வாரத்திலிருந்து தெரியும் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அத்தையைப் பெற்றவர்கள் இரண்டு தெரு தள்ளி அதே திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.