ஜெயசீலன் சார் எடுத்த எலுமிச்சம்பழம்

செண்டாயானில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் டயர்க்காரரோடு தொலைபேசியில் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ஜெயசீலன் சார் காலமாகிவிட்டார். அம்பாங்கானில் இருக்கும் தன் வீட்டில் காலையில் பசியாறிவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். "அடுத்த மாசந்தான் சரக்கு வரும்லா" என்று டயர்க்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன்.

எங்கள் செம்பனைத் தோட்டங்களின் வண்டிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எனக்கு அடுத்த மேசை. மனிதர் சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை என்பது கூட வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடமே, "மோட்டார்லயா வந்த? டயரக் காட்டு" என்பார். அந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டார்.

கோவிட்டுக்குப் பிந்திய வருடங்களில் வண்டிச் சாமான்கள் வரத்து நின்றுபோனது. வந்ததை வாங்கவும் நிர்வாகம் கையை விரித்தது. ஒரு லாரியைப் பிரித்து இன்னொரு லாரியை ஓட்டினோம். மந்தின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு மட்டும் பிரேக் பம்ப் எங்குமே கிடைக்கவில்லை. "ரெண்டு தடவ மிதிச்சா புடிக்குது சார்" என்றார் டிரைவர். ஆயுத பூசை முடிந்ததும் மெதுவாக ஓட்டட்டும் என்றது நிர்வாகம்.

எங்கள் ஆட்களுக்கு அந்தப் பூசையே போதும். பூசாரி தீபம் காட்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அதை நசுக்கிக்கொண்டு போன வண்டிக்கு அந்த வருடம் ஒன்றும் ஆகாது என்பது நம்பிக்கை. சார் கிறிஸ்தவர். ஆனாலும் வருடந்தோறும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். அந்த வருடம் முன்னால் போய்க் குனிந்து, வேனுக்கு வைத்த பழங்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டிரைவரிடமிருந்து சாவியையும் வாங்கிக்கொண்டார்.

"சாமி காரியத்துல கை வைக்கிறீங்களே சார், நல்லாவா இருக்கு?" என்று பூசாரி கத்தினார்.

"பிரேக் போடுறது சாமி வேல இல்லய்யா, என் வேல. என்னால முடியல. வேன் ஓடாது."

வேன் நின்றது. ஆட்கள் தங்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்கு முன் ஒரு மழைநாளில், செம்மண் சரிவில் மோட்டார் வழுக்கி, செம்பனைப் பழம் வெட்டும் குமரன் இறந்துபோனார். எலுமிச்சம்பழத்தை எடுத்ததால் வந்த வினை என்று தோட்டமே பேசியது.

சாவு வீட்டுக்குச் சாரும் நானும் போனோம். குமரனின் மனைவி லெட்சுமி சாரை நிமிர்ந்து பார்த்தார். "வேன் ஓடியிருந்தா எங்க வீட்டுக்காரரு இருந்திருப்பாரு."

"ஆமாம்மா" என்றார் சார். எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்தப் பிரேக்கைப் பற்றிச் சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மறுநாளிலிருந்து பம்ப் வரும்வரை, விடிவதற்கு முன் தன் சொந்தக் காரில் போய் ஆட்களை நான்கு நான்கு பேராக ஏற்றி இறக்கினார். "உங்களுக்கு ஏன் சார் இந்தத் தலையெழுத்து?" என்று கேட்டேன். "நிறுத்தத் தெரிஞ்சவன் அவங்க எப்படிப் போவாங்கன்னு யோசிச்சிருக்கணும். நான் யோசிக்கலம்மா" என்றார்.

சாரின் நல்லடக்கத்தன்று தேவாலயத்தின் கடைசி வரிசையில் லெட்சுமி உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வேன் ஓடியிருந்தா எல்லாருமே போயிருப்பாங்க. அது எனக்கு அப்பவே தெரியும்க்கா. ஆனாலும் அவர மன்னிக்க முடியல. மொகத்தப் பாக்காமலும் இருக்க முடியல." சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இப்போது அவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். பட்ஜெட் மட்டும் மாறவில்லை. இந்த வாரம் இன்னொரு தோட்டத்து வேனை நிறுத்தியிருக்கிறேன். விடிந்தால் என் காரில் நான்கு பேரை ஏற்றப் போகிறேன். சார் எனக்கென்று விட்டுப்போனது அதுதான். ஆனால் காலையில் வருகைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் பிந்தினால் அன்றைய கூலி போய்விடும். என் காரின் இரண்டாம் நடைக்குக் காத்திருக்கப் பயந்து சிலர் மோட்டாரை எடுப்பார்கள். மழை இன்னும் விட்டபாடில்லை.