அக்கா தற்செயலாய் நிண்ட நாள்

லண்டனிலையிருந்து வந்த சனத்துக்கு ஒரே நாளிலை யாழ்ப்பாணம் முழுக்கக் காட்டி முடி எண்டு என்ரை தலையிலை கட்டின ஆளை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. அது வேற ஆருமில்லை, என்ரை மனுசன்தான். தன்ரை பெரியம்மா குடும்பம் வருகுதெண்டு ஒரு மாதமாய்த் துள்ளித் திரிஞ்சவர், ஊர் சுத்திக் காட்டுற நாள் வந்தவுடனை, "எனக்கு லீவு தரமாட்டினமாம், நீர் கூட்டிக்கொண்டு போம்" எண்டுபோட்டு விடியவே மோட்டச் சைக்கிளை உதைச்சுக்கொண்டு போட்டார்.

வந்தவை மூண்டு பேர். மனுசன்ரை பெரியம்மா, அவவை நான் மாமி எண்டு கூப்பிடுறனான். பிறகு மாமியின்ரை மகன், மகள். சித்திரை வருசப்பிறப்புக்கு வந்து வேலணையிலை எங்கடை வீட்டிலைதான் நிண்டவை. மகனுக்கு முப்பத்தஞ்சு வயது. கொம்பியூட்டர் வேலை. நல்ல மனுசன், ஒரு சொல்லுக் கூடக்குறையக் கதைக்காத ஆள். கலியாணம் ஆகேல்லை.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறா. சுருவிலிலை அம்மா அப்பாவோடை இருந்துகொண்டு வேலணையிலை கந்தோர் வேலைக்கு வந்து போறவ. எனக்குக் கலியாணம் சரிவந்த நேரம், மூத்தவள் இருக்க இளையவளுக்கு என்ன அவசரம் எண்டு ஊரெல்லாம் ஒரே கதை. அக்காதான், "ஊர்ச் சனத்தின்ரை வாயை நான் பாத்துக்கொள்ளுறன், நீ பேசாமல் கழுத்தை நீட்டடி" எண்டு என்னை மணவறைக்கு அனுப்பினவ. அண்டைக்கு மணவறையிலை இருந்த நேரம் தொடக்கம் எனக்கு ஒரே யோசினை. அக்காவுக்கு ஒரு நல்ல இடம் சரிவரவேணும்.

அதுதான் மாமியோடை போனிலை மெல்லமாய்க் கதை விட்டனான். படம் அனுப்பினன், சாதகமும் அனுப்பினன். பொருத்தம் நல்லாயிருக்கெண்டு மாமிக்குப் பெரிய சந்தோசம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டா.

"பொடியனுக்கு முன்கூட்டிச் சொல்லிப்போடாதை பிள்ளை. பொம்பிளை பாக்கிற அலுவல் எண்டால் பாய்ஞ்சு விழுவான். கோயிலிலை தற்செயலாய்க் கண்ட மாதிரி இருக்கட்டும். கண்டாப் பிறகு நான் ஆறுதலாய்க் கேக்கிறன்."

எங்கடை பக்கத்திலை இது புதினமில்லை. கோயிலிலையோ நகைக்கடையிலையோ ஆற்றையும் கலியாண வீட்டிலையோ பொம்பிளையைக் கொண்டுபோய் நிப்பாட்டினால், மாப்பிள்ளை பகுதி அந்த வழியாலை தற்செயலாய் வரும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். பிடிச்சால் பேச்சுக்கால் தொடங்கும். பிடிக்காட்டி ஒரு சத்தமும் வராது. அக்கா இதுக்கு முதல் ரெண்டு இடத்திலை அப்பிடி நிண்டு, ஒரு சத்தமும் வராமல் வீட்டை வந்தவ.

"நீ கேட்டபடியால் வாறன்" எண்டு அக்கா சொன்னா. "ஆனால் இதுதான் கடைசி. இதுக்குப் பிறகு ஒருத்தனுக்கு முன்னாலையும் நான் தற்செயலாய் நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். இது பிழைச்சால் இனிக் கலியாணக் கதை எடுக்க ஏலாது எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும்.

அவையள் எங்களோடை நிண்ட அத்தினை நாளும் அக்காவுக்கு எங்கடை படலை திறக்கத் தடை. வீட்டிலை கண்டால் பொடியன் விளங்கிக்கொள்ளுவானாம். மத்தியானத்திலை எங்களோடை இருந்து சாப்பிடுற மனுசி, கூப்பிடு தூரத்திலை கந்தோருக்குள்ளை தனிய இருந்து பார்சல் சாப்பாடு சாப்பிட்டவ. ஒரு நல்ல காரியத்துக்காக எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

அடுத்த நாள் விடிய அவையள் கொழும்புக்குப் போகவேணும். அதாலை இந்த ஒரு நாள்தான். பத்து மணிப் பூசைக்கு நல்லூருக்குப் போறது, அக்காவைக் காணுறது, அதுக்குப் பிறகு கோட்டை கொத்தளம் என்னவெண்டாலும் பாக்கட்டும். இதுதான் நானும் மாமியும் கதைச்சு வைச்சது. அக்கா லீவு போட்டு, விடியவே பஸ் பிடிச்சுப் போட்டா.

எங்கடை வான் எட்டு மணிக்கே வாசலிலை வந்து நிண்டது. உள்ளை ஒருத்தரும் எழும்பேல்லை. முதல் நாள் குறிகட்டுவான் இறங்குதுறையிலை வெயிலுக்கை காய்ஞ்சு, வள்ளம் ஏறி, நயினாதீவுக்குப் போட்டு வந்த களையாம். எழும்பின மகள் தலை முழுகினா. எங்கடை உவர்த்தண்ணியிலை தலைமயிர் சடையாய்ப் பிடிச்சிட்டுதெண்டு, நான் குடிக்கவெண்டு வேண்டி வைச்ச தண்ணிப் போத்திலை உடைச்சு இன்னொருக்காலும் முழுகினா. நான் குசினிக்குள்ளை நிண்டு சட்டியைப் போட்டு அடிச்சன். வேற என்ன செய்ய?

ஒருமாதிரி வெளிக்கிட்டால், கடலைக் கடக்கிற தாம்போதி நடுவிலை வானை நிப்பாட்டட்டாம். கடலுக்கை கொக்கு நிக்குதாம். லண்டனிலை கொக்கே இல்லையோ? மகள் இறங்க, பின்னாலை மகனும் இறங்கினார். ஒரு கொக்குக்கு இருபது படம். போனைப் பாத்தன். அக்கா எழுதியிருந்தா: "பூசை தொடங்கப் போகுது."

"நேரை கோயிலுக்குப் போவம்" எண்டு நான் சொன்னன்.

"கோட்டை இந்தா முன்னாலைதானே இருக்கு, அஞ்சு நிமிசம்" எண்டார் மகன்.

அஞ்சு நிமிசமோ! ஒவ்வொரு கல்லாய்த் தொட்டுப் பாத்தார். ஆர் கட்டினது, எப்ப கட்டினது, இந்தக் கல்லு எங்கையிருந்து வந்தது எண்டு என்னைக் கேட்டார். எனக்கு எங்கை தெரியும்? சின்னனிலையிருந்து பஸ்ஸுக்குள்ளை இருந்து பாத்த கோட்டை. கல்லுக் கடலுக்குள்ளை எடுத்தது எண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னன். மெய்யாலும் அப்பிடித்தானாம், பலகையிலை எழுதியிருக்கெண்டு அவர் சந்தோசமாய் வந்து சொன்னார். இந்த மனுசனிலை கோவிக்கவும் ஏலாமல் கிடந்தது.

"பூசை முடிஞ்சுது" எண்டு அக்காவின்ரை செய்தி வந்தது.

கோட்டையாலை வந்து நூலகத்துக்கு முன்னாலை இறங்கினம். அங்கையும் படம். சரி, இனியாவது கோயில் எண்டு நினைக்க, மாமி வாய் திறந்தா. சந்தைக்குப் போகவேணுமாம். பனங்கட்டி, ஒடியல், கறுத்தக்கொழும்பான் மாம்பழம். எனக்கு விசர் வந்தது. பிள்ளையளுக்குத்தான் தெரியாது, இந்த மனுசிக்கு எல்லாம் தெரியும்தானே! பனங்கட்டிக் கடையிலை மாமியைப் பக்கத்திலை இழுத்து, "மாமி, அங்கை அக்கா காலமை தொடக்கம் நிக்கிறா" எண்டு காதுக்குள்ளை சொன்னன்.

"நிக்கட்டுமன் பிள்ளை" எண்டா மாமி, ஓலையிலை பின்னின ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்து மணந்து பாத்துக்கொண்டு. "கோயில்தானே. கும்பிட்டுக்கொண்டு நிக்கட்டும்."

அந்தப் பனங்கட்டிக் குட்டானைப் பறிச்சு எறியவேணும் போலை இருந்தது. எறியேல்லை. அக்காவின்ரை அலுவல் மாமியின்ரை கையிலை இருக்கு. அதுக்குப் பிறகு மாமி ஒரு சீலைக் கடைக்குள்ளை பூந்தா. முன்னாலை பத்துச் சீலையை விரிச்சுப்போட்டு, "இதெல்லாம் அங்கையே மலிவு" எண்டு எழும்பி வந்தா. அக்கா இப்பிடி எழுதியிருந்தா: "நாலாந்தரமும் வீதி சுத்தியாச்சு. முருகனே எழும்பி என்ன பிரச்சினை எண்டு கேக்கப் போறார்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நல்லூருக்கு வந்து சேர மத்தியானப் பூசையும் முடியிற நேரம். மணல் காலைச் சுட்டது. ஒருமாதிரி வந்திட்டம் எண்டு நான் மூச்சு விட, வாசலிலை மகன் நிண்டிட்டார். ஆம்பிளையள் சேட்டைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளை போகவேணும் எண்டது அவருக்கு அப்பதான் தெரியும். இவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ எண்டு முகம் சிவந்துபோச்சு.

"நான் வெளியிலை நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

"ஆற்றையும் நெஞ்சை ஆர் பாக்கினம்? எல்லாரும் அப்பிடித்தானே போகினம்" எண்டு கெஞ்சினன். அசையேல்லை. மாமியும் அவரோடை நிண்டிட்டா. நான் அவையளை விட்டுட்டு உள்ளை ஓடினன்.

அக்கா ஒரு தூணோடை சாய்ஞ்சு நிண்டா. வருசத்துக்கு எடுத்த பச்சைச் சீலை. தலையிலை வைச்ச பூ வாடிப்போச்சு. முகத்திலை போட்ட பவுடர் வேர்வையிலை கரைஞ்சு போச்சு. எனக்கு அழுகை வந்தது.

"வந்திட்டினம் அக்கா. ஆனால் அவர் வெளியிலை நிக்கிறார். சேட்டுக் கழட்டமாட்டாராம்."

அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சா. "அப்ப நான் வெளியிலை போய்த் தற்செயலாய் நிக்கட்டோ?"

"கோவியாதை. முன்னாலை போ, நான் பின்னாலை வாறன்."

அக்கா சீலையை இழுத்துச் சரிப்பண்ணிக்கொண்டு வெளியிலை போனா. நான் கொஞ்சம் பிந்தி வந்து மாமிக்குப் பக்கத்திலை நிண்டன். மாமிக்கு நான் கண்ணாலை காட்ட, மாமி அக்காவை மேலையும் கீழையும் பாத்தா. எல்லாம் சரியாய்த்தான் வருகுது. அக்கா எங்களைக் கடந்து போற நேரம், மகன் திரும்பினார். நேரை அக்காவைப் பாத்தார். போனை நீட்டினார்.

"அக்கா, எங்களை ஒரு படம் எடுத்துத் தாறீங்களோ?"

அக்காவாம். எங்கடை நாட்டிலை முகம் தெரியாத பொம்பிளையளை அக்கா எண்டுதான் கூப்பிடவேணும் எண்டு மாமி படிப்பிச்சு வைச்சிருக்கிறா, பாவி. அந்த மனுசன் சொன்னபடி செய்யுது.

என்ரை அக்கா போனை வேண்டினா. "நீங்களும் வாங்கோ, நீங்களும் வாங்கோ" எண்டு மகன் என்னையும் இழுத்து நடுவிலை விட்டார். நான் வாயைத் திறக்க, மாமியின்ரை கை என்ரை மணிக்கட்டைப் பிடிச்சு அமத்திச்சுது. பேசாமல் நில் எண்டு அர்த்தம். எங்களுக்குப் பின்னாலை கோபுரம், முன்னாலை வெயிலுக்கை கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்ரை அக்கா.

"கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ" எண்டா. "தங்கச்சி, நீர் சிரியும்."

என்னைத்தான் சொன்னா. என்னை ஒரு நாளும் நீர் எண்டு கூப்பிடாதவ. நான் சிரிச்சன். அப்பிடி ஒரு சிரிப்பை நான் இதுக்கு முதலும் சிரிக்கேல்லை, இனியும் சிரிக்கமாட்டன். அக்கா ரெண்டு மூண்டு படம் எடுத்துப் போனைத் திருப்பிக் குடுத்தா. அவர் என்னவோ சொன்னார், எனக்குக் காது அடைச்சுப்போய் ஒண்டும் கேக்கேல்லை. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் எடுக்க நடந்தா.

வானுக்குள்ளை மாமி என்ரை காதுக்குள்ளை சொன்னா: "பிள்ளை அடக்கமாய்த்தான் இருக்கு. என்ன செய்ய, பாத்தவன்தானே, ஒண்டும் சொல்லேல்லை. அவனுக்குப் பிடிக்கேல்லைப் போலை."

இதுக்கு மறுமொழி சொல்லப் போனால் நாக்கிலை தூசணம்தான் வரும். ஐஸ்கிறீம் கடைக்குப் போனம். நான் குடிக்கேல்லை, தடிமன் எண்டு சொன்னன்.

அடுத்த நாள் விடிய வானுக்குள்ளை பெட்டியள் ஏத்தினவை. என்ரை மனுசன் மாமியைக் கைபிடிச்சு ஏத்திக்கொண்டு நிண்டார். மகன் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போக வந்து, போனிலை அந்தப் படத்தைக் காட்டினார்.

"இந்த ஒரு படத்திலைதான் நாங்கள் எல்லாரும் ஒண்டாய் இருக்கிறம். அந்த அக்கா நல்லா எடுத்திருக்கிறா, என்ன?"

முதல் நாள் முழுக்க விழுங்கி விழுங்கி வைச்சிருந்தது எல்லாம் அப்ப வெளியிலை வந்தது.

"அவ என்ரை அக்கா" எண்டன். "என்ரை கூடப்பிறந்த அக்கா. உங்களுக்குக் காட்டவெண்டு நாங்கள்தான் அங்கை கொண்டுபோய் நிப்பாட்டினனாங்கள். நீங்கள் கொக்குப் பாத்து, கோட்டை பாத்து வரும்வரைக்கும் காலமை தொடக்கம் நிண்டவ. நம்பாட்டி அம்மாவைக் கேளுங்கோ."

அவர் வானைத் திரும்பிப் பாத்தார். மாமி சீற்றிலை இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தா. அவருக்கு முகம் எப்பிடியோ ஆகிப்போச்சு. "நான் அவவுக்கு ஒரு தாங்ஸ் கூடச் சொல்லேல்லையே" எண்டார். அதுக்குள்ளை என்ரை மனுசன், பிந்துது, பிந்துது எண்டு கத்த, அவர் போய் ஏறினார். வான் போட்டுது.

அண்டு மத்தியானம் அக்கா எங்கடை வீட்டை சாப்பிட வந்தா. எத்தினையோ நாளைக்குப் பிறகு. மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டுக் குடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னன். அக்காவுக்கு மூக்குச் சிவந்துபோச்சு.

"உன்னை ஆர் சொல்லச் சொன்னது? இனி அந்தாள் என்னைப் பற்றி என்ன நினைக்கும்? விசரி!"

"நினைக்கட்டும். ஒரு தாங்ஸ் கூடச் சொல்லேல்லையாம் எண்டு கவலைப்படுறார். கவலைப்படட்டும், எனக்கென்ன."

அக்கா சாப்பிட்டு முடிச்சா. சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய், குசினி வாசலிலை நிண்டு கை கழுவினா. கழுவி முடிஞ்ச பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டு அப்பிடியே நிண்டா.

"சொன்னவர்" எண்டா.

"என்னத்தை?"

"தாங்ஸ். போனைத் திருப்பிக் குடுத்த நேரம் ரெண்டு தரம் சொன்னவர்."