குமரேசனின் செவ்வாய்க்கிழமைகள்

கள்ளிக்குப்பத்தில் பேனர் கடை வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி சீக்கிரமே வந்துவிடும். வீட்டார் அழுது முடிப்பதற்குள் யாராவது போட்டோவோடு வந்து நிற்பார்கள். அந்தத் திங்கட்கிழமை காலையும் அப்படித்தான். ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை. ஒருவர் வந்து, "அண்ணே, ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். போட்டோ வாட்ஸப்புல அனுப்பிகீறேன்," என்றார். போனைத் திறந்தேன். அதில் குமரேசன் சிரித்துக்கொண்டிருந்தான். வந்தவர் அவன் மச்சினன். "காத்தால டீ குடிச்சிகினே இருந்தாருண்ணே. அப்டியே சாஞ்சிட்டாரு," என்றார்.

இறந்தவரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு வராது. இருபது வருஷம் வாடா போடா என்று பழகியவனைச் செத்த மறுநாளே மரியாதையில் தள்ளிவைக்க நான் ஆளில்லை.

என் கடைக்கு எதிரில்தான் அவன் சலூன். ஆவடி குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள்கூட பஸ் பிடித்து அவனிடம் வருவார்கள். வந்து உட்கார்ந்தவரிடம் "எப்டி வெட்டணும்" என்று அவன் கேட்டதே கிடையாது. துண்டைப் போர்த்திவிட்டு, "இன்னிக்கு யாரைப் பாக்கப் போற?" என்று கேட்பான். மேனேஜர் என்றால் ஒரு வெட்டு. பொண்ணு பார்க்கப் போகிறேன் என்றால் வேறு வெட்டு. சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியைக் கூப்பிடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னபோது, "அப்போ ரொம்ப ஸ்டைல் வேணாம், கொஞ்சம் பாவமா வெட்றேன்," என்றான். அந்த அம்மா திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி.

என்னிடமும் கேட்பான். நான் தனிக்கட்டை. "யாரையும் இல்லடா," என்பேன்.

"அப்போ என்னைப் பாக்க வந்துகீற. நல்லாவே வெட்றேன், உக்காரு."

செவ்வாய்க்கிழமை எல்லா சலூனுக்கும் லீவு. மற்றவர்களுக்கு அது வழக்கம். குமரேசனுக்கு அது வீடு. ஒருமுறை பூந்தமல்லியில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். ஒரு வாரம் சோம்பலாக இருந்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை பார்த்து அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே சின்ன மகள் தேவிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் அழகு செய்தவனுக்குச் சடை மட்டும் கடைசிவரை வரவில்லை. "பாருங்க மாமா, வகிடு கோணையா கீது," என்று அது என்னிடம் புகார் சொன்னது. மனைவி சுமதி கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. செவ்வாயன்று சமையலும் அவன்தான். காலையில் குடும்பத்தோடு திருவேற்காடு கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்து அடுப்பைப் பற்றவைப்பான்.

"அஞ்சே நிமிஷம்டா, ஓரம் மட்டும் எடுத்து உடு," என்றேன்.

"செவ்வாக்கெழம இந்தக் கை ஊட்டுக்கு மாமே. வேற யாருக்கும் இல்ல. சாப்ட்டுட்டுப் போ."

எனக்கு வந்ததே கோபம். சோறும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று கிளம்பினேன். மூன்று மாதம் அவன் பக்கம் திரும்பவில்லை. வீம்புக்கு வேலப்பன்சாவடி வரை போய், காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டேன். எலி கடித்தது போல இருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் தலையைப் பார்த்தான். "கோவம்னா என்னாண்ட காட்டு மாமே. தலை இன்னா பண்ணுச்சு உன்னை?" என்றான். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் கடையைச் சாத்தும்போது குரல் கொடுப்பான்: "நாளைக்கு சாப்பாட்டுக்கு வந்துரு." நானும் "அடுத்த வாரம் பாக்கலாம்," என்பேன். அவசர வேலை என்பேன், மெஷின் ரிப்பேர் என்பேன். அதெல்லாம் பொய். இப்போது சொல்வதற்கென்ன, எனக்குப் பயம். அந்த வீட்டில் நாலு பேர் சிரித்துப் பேசிச் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்துவிட்டு, என் ஒற்றை அறைக்குத் திரும்ப என்னால் ஆகாது என்று பயம். அதை அவனிடம் நான் சொன்னதே இல்லை.

போட்டோவில் அவன் முடி கலைந்திருந்தது. "கம்ப்யூட்டர்லயே சீவி உட்ருங்கண்ணே," என்றார் மச்சினன். சீவிவிட்டேன். அவன் என் தலையைத் தொட்டதற்குக் கணக்கில்லை. நான் அவன் தலையைத் தொட்டது அந்த ஒரு முறை, அதுவும் மவுஸால். அவன் பெயர் எழுத்து அழகாக வரட்டும் என்று, முன்பு நான் செய்து கொடுத்த சலூன் போர்டு ஃபைலையே எடுத்து அதன்மேல் வேலை செய்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. அப்படியே பிரிண்ட் கொடுத்துவிட்டேன்.

பெரிய மகள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள்தான் எடுத்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தபோது தலையை நிமிர்த்தினேன். பேனரில் அவன் சிரித்த முகம், கண்ணீர் அஞ்சலி, குடும்பத்தார் பெயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நான் அழிக்க மறந்த பழைய வரி: 'செவ்வாய் விடுமுறை'. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்க்கப் போனேன். தேவி வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

"உடுங்க மாமா. இருக்கட்டும். அப்பா அதை மட்டும்தான் கறாரா வெச்சிருந்தாரு."

காரியம் முடிந்த அன்று சுமதி எனக்கு இலை போட்டது. நான் வேண்டாம் என்று எழுந்தேன்.

"உக்காருங்கண்ணா. அவரு செவ்வாக்கெழம ஒல வெக்கும்போது உங்களுக்கும் சேத்துத்தான் அரிசி போடுவாரு. இன்னிக்கு வந்துருவான்னு சொல்லிகினே போடுவாரு. மிஞ்சிப்போயிடுது, வேணாங்கன்னு நானும் எவ்ளோவோ சொல்லிட்டேன். கேக்கவே இல்ல. ராத்திரிக்கு அதுல தண்ணி ஊத்தி வெச்சிட்டு, காத்தால அவரே குடிச்சிட்டுக் கடைக்குப் போவாரு."

அவனைப் பற்றி ஏதாவது எழுது என்று நம் தெருக்காரர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். அவன் கத்தரியை மச்சினன் எடுத்துக்கொண்டார். நாற்காலிகளை யாரோ வாங்கிப் போனார்கள். எனக்கென்று அவன் வைத்துவிட்டுப் போனது, வாராவாரம் எனக்காக வெந்து, நான் போய்ச் சாப்பிடாத அந்தச் சோறு.